மயில்துத்தம்

அக்டோபர் 18
அப்பாவின் ரிப்போர்ட் திங்கட்கிழமைதானாம்.

அக்டோபர் 19
சும்மா உட்கார முடியவில்லை. படம் அச்செடுக்க வைத்திருந்த அலுமினியத் தகட்டின் ஓரங்களை அரம் போட்டுச் சாய்த்தேன். கூராக விட்டால் பிரஸ்ஸில் தாளைக் கிழித்துவிடும். கோடுகளை அரிக்க நைட்ரிக் அமிலம் வேண்டாம், அதன் பழுப்புப் புகை அப்பாவுக்கு ஆகாது. மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) கல் உப்பும் போதும். மொட்டை மாடியில் வைத்துத் தகட்டை இறக்கியதும் கரைசல் சீறியது. மெழுகைக் கீறிய கோடுகளில் எல்லாம் செம்பு செந்நிறச் சேறாகப் படிகிறது, இறகால் தள்ளத் தள்ள வருகிறது. கொஞ்ச நேரத்தில் தட்டு சூடேறி, நீலம் வெளிறிவிட்டது.

திரும்பினால் அப்பா நிற்கிறார். அத்தனை படியையும் ஏறியிருக்கிறார். திட்ட வாய் வரவில்லை.

அக்டோபர் 20
மழை. ஒன்றும் செய்யவில்லை.

அக்டோபர் 21
புதன்கிழமையாம். இன்னொரு சோதனைக்கும் அனுப்பியிருக்கிறார்களாம். எதற்கு? நல்லபடியாக இருந்தால் ஒன்றே போதாதா? இல்லை, நல்லதுதான் என்று உறுதிப்படுத்தவா? அக்காவிடம் கேட்டால், "எனக்கு மட்டும் தெரியுமா?" என்கிறாள். அதுவும் சரிதான். ராத்திரி முழுக்க இதே.

அக்டோபர் 22
கண்ணாடித் தகட்டில் இங்க்கை உருட்டி, பஞ்சால் துடைத்துத் துடைத்து அப்பாவின் முகத்தை எடுத்தேன். ஈரத் தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தேன். இந்த மாதிரி மோனோடைப் அச்சில் நல்ல பிரதி ஒன்றுதான் வரும். மிச்ச மையில் மங்கலாக இரண்டாவது ஒன்று எடுக்கலாம். பிரெஞ்சு ஓவியர் தெகா அந்த மங்கலின் மேல் பாஸ்டல் தீட்டுவார். நான் தீட்டப்போவதில்லை.

அம்மா: "மச்சம் கன்னம் மாறிப்போச்சே!"
அப்பா: "சரியாத்தான் இருக்கு. ஷேவ் பண்ணும்போது நான் பாக்கறது இந்த மூஞ்சிதான்."

சாயங்காலம் மடிப்புப் புத்தகத்துக்குப் பசை. கடையில் வாங்கி வைத்திருந்ததை அப்பா தொடக்கூட இல்லை. எத்தனை வருஷம் கணக்குப் பேரேடு பைண்டிங் செய்த மனிதர்! மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தார். பளபளவென்று வந்ததும் இறக்கி, "அந்த மயில்துத்தத்தைக் கொண்டா" என்றார். ஒரு சிட்டிகை. பூச்சி அண்டாதாம். "இத தொட்ட கையோட சாப்பிட உக்காராத" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ரெண்டு தரம் சொன்னார். அட்டையில் பசை தடவும்போது மட்டும் அவர் கை நடுங்கவில்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரே இழுப்பு.

அவர் சாப்பிடவில்லை. பசியில்லையாம்.

அக்டோபர் 23
அட்டை காயவில்லை. அம்மிக்கல்லைப் பாரமாக வைத்திருக்கிறேன். பத்து மணிக்குக் கிளம்ப வேண்டும். பழைய ஸ்கேன் கவர் எங்கே என்று அக்கா கத்துகிறாள்.