ஒரு விளக்குக்காகக் காத்திருந்த ஆய்வகம்

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது, எங்கள் நுண்ணோக்கியின் விளக்கு எரிந்துபோனது. அதை மாற்றுவதற்கான கோப்பு துறைத் தலைவர், நிதி அலுவலர், பதிவாளர் எனக் கையொப்பம் தேடி அலைந்து, கடைசியில் அரசின் ஒப்புதலுக்காகக் காத்துக் கிடந்தது. விளக்கு வந்து சேர்வதற்குள் நாங்கள் பாடுபட்டு வளர்த்த மாதிரிகள் கெட்டுப்போயிருந்தன. வளரும் நாடுகளில் பல்கலைக்கழகத் தன்னாட்சி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அந்தக் கோப்புதான் என் நினைவுக்கு வருகிறது.

துணைவேந்தர் நியமனமும் பாடத்திட்டமும் எதற்கு எவ்வளவு செலவிடலாம் என்ற முடிவும் அரசின் கையிலேயே இருக்கும்வரை, பல்கலைக்கழகத்தின் கல்விக்குழு எடுக்கும் முடிவு வெறும் பரிந்துரையாகவே நின்றுவிடும்.

ஆயினும், தன்னாட்சியின் பெயரால் அரசு நிதிப் பொறுப்பிலிருந்து நழுவுவதை என்னால் ஏற்க முடியாது. இந்தோனேசியாவில் 1999-ஆம் ஆண்டின் அரசு ஒழுங்குவிதியை அடுத்து, கஜா மடா உள்ளிட்ட சில முன்னணி அரசுப் பல்கலைக்கழகங்கள் தம்மைத் தாமே நிர்வகிக்கும் தனிச் சட்ட அமைப்புகளாயின. கல்வி விற்பனைப் பொருளாகிவிடும் என்ற எதிர்ப்பும் கூடவே வலுத்தது. இம்முறையை விரிவாக்க 2009-இல் இயற்றப்பட்ட சட்டத்தை அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2010-இல் ரத்து செய்தது. 2012-இன் உயர்கல்விச் சட்டம் தன்னாட்சியை மீண்டும் ஏற்றதோடு, அரசுப் பல்கலைக்கழகங்களின் புதிய இடங்களில் குறைந்தது 20 விழுக்காட்டைத் திறமையிருந்தும் வசதியற்ற மாணவர்களுக்கும் பின்தங்கிய பகுதியினருக்கும் உரித்தாக்கியது. இந்தப் பிணைப்பே எனக்குச் சரியாகப் படுகிறது.

அரசு மானியத்தை ஒரே தொகையாக வழங்கி, செலவான பிறகு கணக்கைக் கறாராகத் தணிக்கை செய்யட்டும். விளக்கு வாங்குவதற்கு முன்னால் அனுமதி கேட்க வைக்க வேண்டாம்.