குரூப் 4 கணக்குக்கு ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டி.என்.பி.எஸ்.சி.) குரூப் 4 தேர்வு எழுதுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்: 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழுக்கு 100 கேள்வி, பொது அறிவுக்கு 75, மிச்சம் 25 திறனறிவு. அந்த 25-ஐத்தான் எல்லோரும் 'மேக்ஸ்' என்கிறோம். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் அதைத் தொடவே மாட்டார்கள். "தமிழ்ல தொண்ணூறுக்கு மேல எடுத்துட்டா போதும்" என்பார்கள். ஆனால் தமிழில் தொண்ணூறு எடுக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் என்றால், இருபது கணக்கைக் கைவிடுகிறவர் முப்பது மதிப்பெண்ணைக் கைவிடுகிறார். அதை வேறு எங்கேயும் ஈடுகட்ட முடியாது.

நான் பிளஸ் டூவில் வரலாறு பிரிவு, கல்லூரியில் தமிழ் இலக்கியம். பத்தாம் வகுப்போடு கணக்குக்கும் எனக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. அந்த நிலையிலிருந்து எப்படி மீண்டும் படித்தேன் என்பதை, அதே இடத்தில் நிற்கிற யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் சேர்ந்த பயிற்சி மையத்தில் ஷார்ட்கட் தாள்கள் கொடுத்தார்கள். ஒவ்வொரு வகைக் கணக்குக்கும் ஒரு வாய்ப்பாடு, கீழே ஒரு எடுத்துக்காட்டு. வகுப்பில் போடும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். வீட்டுக்கு வந்து பழைய வினாத்தாளை எடுத்தால், அசலைக் கொடுத்து வட்டியைக் கேட்காமல் வட்டியைக் கொடுத்து அசலைக் கேட்டிருப்பார்கள். வாய்ப்பாடு கையில் இருந்தும் எங்கே எதைப் போடுவது என்று தெரியாது.

அப்புறம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடக்கிற தன்னார்வப் பயிலும் வட்டத்தின் இலவச வகுப்புக்குப் போனேன். அங்கே கணக்கு எடுத்த சார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். "எனக்குக் கணக்கு வராது சார்" என்றேன். "அப்படிச் சொல்லாதம்மா. பின்னம் வரலையா, வகுத்தல் வரலையா, அதைச் சொல்லு. அதைச் சரி பண்ணலாம்" என்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பழைய சமச்சீர் புத்தகங்களை ஆறாம் வகுப்பிலிருந்து வாங்கி வரச் சொன்னார்.

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியதில்லை. பாடத்திட்டத்தில் உள்ள தலைப்பைப் பிடித்துக்கொண்டு வகுப்பு வகுப்பாக ஏறினால் போதும். விகிதமும் விகித சமமும் ஆறாம் வகுப்பு முதல் பருவத்தில் இருக்கிறது. மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.), மீப்பெரு பொதுக் காரணி இரண்டும் அதே வகுப்பு இரண்டாம் பருவத்தில். நேர் விகிதமும் எதிர் விகிதமும் ஏழாம் வகுப்பு, சதவீதமும் தனிவட்டியும் ஏழாம் வகுப்பு மூன்றாம் பருவம். எட்டாம் வகுப்பில் 'வாழ்வியல் கணிதம்' என்று ஒரு பாடம் வரும். லாப நட்டம், தள்ளுபடி, கூட்டுவட்டி, காலமும் வேலையும் என எல்லாம் அந்த ஒரு பாடத்துக்குள் அடக்கம். திறனறிவுப் பகுதியின் முதுகெலும்பே அதுதான் என்பேன். கூம்பு, கோளம், உருளைக்குப் பத்தாம் வகுப்பு அளவியல். தொடர்களுக்கு அதே புத்தகத்தின் இரண்டாம் பாடம்.

சதவீதத்துக்குத்தான் அதிக நாள் கொடுத்தேன். கொடுத்ததில் வருத்தமே இல்லை, ஏனென்றால் வட்டியும் லாப நட்டமும் அதன் மேல்தான் நிற்கின்றன. சார் முதலில் செய்யச் சொன்னது, சதவீதத்தைப் பின்னமாகப் பார்க்கிற பழக்கம். 12½% என்றால் எட்டில் ஒன்று. 16⅔% ஆறில் ஒன்று. 37½% எட்டில் மூன்று. 640-இல் 37½% எவ்வளவு என்று கேட்டால், 640-ஐ எட்டால் வகுத்து 80, மூன்றால் பெருக்கி 240. தசமப் புள்ளியே வேண்டாம். கால்குலேட்டர் இல்லாத தேர்வில் இது பெரிய காரியம்.

விலை 25% ஏறிவிட்டது, செலவு கூடாமலிருக்கப் பயன்பாட்டை எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும் என்று ஒரு வகை கேள்வி வரும். விடைப் பட்டியலில் 25 கண்டிப்பாக இருக்கும், அவசரத்தில் அதைத்தான் கை தேடும். 100 ரூபாய் 125 ஆனது. இப்போது குறைக்க வேண்டிய 25 ரூபாய், 125-இல் எத்தனை பங்கு? ஐந்தில் ஒன்று. விடை 20%. எதை முழுமையாக வைத்துச் சதவீதம் கேட்கிறார்கள் என்று ஒவ்வொரு கணக்கிலும் பென்சிலால் அடிக்கோடு போட ஆரம்பித்த பிறகு இந்த வகையில் எனக்குப் பிசகவே இல்லை.

கூட்டுவட்டியில் கண் திறந்த இடம் ஒன்று உண்டு. 8000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 5%, இரண்டு ஆண்டு. கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் என்ன? ஷார்ட்கட் தாளில் இதற்கும் ஒரு வாய்ப்பாடு இருந்தது. சார் அதை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, "முதல் வருஷ வட்டி எவ்வளவு?" என்று கேட்டார். 400. "ரெண்டாம் வருஷம் அந்த நானூறுக்கு யாராவது வட்டி கொடுக்கிறாங்களா?" தனிவட்டியில் இல்லை, கூட்டுவட்டியில் உண்டு. 400-க்கு 5% இருபது ரூபாய். அந்த இருபதுதான் வித்தியாசம். அதன் பிறகு வித்தியாசத்தைக் கொடுத்து அசலைக் கேட்டாலும் தடுமாறவில்லை: 20 ரூபாய் எந்தத் தொகைக்கு 5%? 400. அந்த 400 எந்தத் தொகைக்கு 5%? 8000. பின்னாலிருந்து நடந்து வந்தால் போதும்.

மீ.சி.ம. என்றால் வகுத்துப் போட்டு விடை கண்டுபிடிக்கிற ஒரு சடங்கு என்றே பள்ளியில் நினைத்திருந்தேன். காலமும் வேலையும் படிக்கும்போதுதான் அதன் அருமை தெரிந்தது. ஒருவர் ஒரு வேலையை 10 நாளிலும் இன்னொருவர் 15 நாளிலும் முடிப்பார்கள், சேர்ந்து செய்தால்? பின்னத்தைக் கூட்டிக் குழம்ப வேண்டாம். மொத்த வேலையை 10-க்கும் 15-க்கும் மீ.சி.ம.வான 30 கூறு என்று வைத்துக்கொண்டால், முதல் ஆள் நாளுக்கு 3 கூறு, இரண்டாவது ஆள் 2 கூறு. சேர்ந்தால் 5, ஆறு நாளில் முடியும். நடுவில் ஒருவர் விலகினார், தொட்டியில் ஓட்டை இருக்கிறது என்று எப்படித் திருப்பிக் கேட்டாலும் இதே வழிதான், ஓட்டைக்குக் கழித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. மீதி கேட்கிற கணக்கும் இதே மாதிரி. 12, 15, 20 ஆகியவற்றால் வகுத்தால் மீதி 3 வரும் மிகச்சிறிய இரண்டு இலக்க எண், அவற்றின் மீ.சி.ம.வான 60-உடன் 3 கூட்டி 63. மீதி முறையே 10, 13, 18 என்று கொடுத்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு குறைகிறது, அதனால் 60-இல் இரண்டைக் கழித்து 58.

அளவியலில் வாய்ப்பாடுகளை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஆரம் 7 என்றால் வட்டத்தின் பரப்பு 154, 14 என்றால் 616, 21 என்றால் 1386 என்று சில எண்களையும் மனதில் வைத்துக்கொண்டேன். ஆரம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, கோளத்தின் கன அளவு எட்டு மடங்கு. தொடர்களில் கன எண்களின் கூடுதல் எனக்குப் பிடித்த பகுதி. ஒன்றிலிருந்து அடுத்தடுத்த எண்களின் கனங்களைக் கூட்டினால் 44100 என்றால், அந்த எண்களின் கூடுதல் என்ன? கனங்களின் கூடுதல் அந்த எண்களின் கூடுதலுடைய வர்க்கம்தான், அதனால் வர்க்கமூலம் எடுத்தால் 210, முடிந்தது. இதற்கு வர்க்கங்கள் நாக்கில் நிற்க வேண்டும், அதனால் 30 வரை வர்க்கம், 15 வரை கனம், 20 வரை பெருக்கல் வாய்ப்பாடு மூன்றையும் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். பகடை, எண் தொடர், எழுத்துக் குறியீடு எல்லாம் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

பழைய வினாத்தாளும் விடைக்குறிப்பும் தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து, போனைப் பைக்குள் போட்டுவிட்டு, 25 கணக்குக்கு 40 நிமிடம் என்று வைத்துப் போடுவேன். தப்பான கணக்குகளுக்குத் தனி நோட்டு. வழி தெரியவில்லையா, கூட்டல் கழித்தலில் பிசகா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா என்று மூன்றாகப் பிரித்து எழுதுவேன். வழி தெரியாதவை சீக்கிரமே குறைந்துவிட்டன. கடைசி வரை கூடவே வந்தது மூன்றாவது வகைதான். 'எத்தனை நாளில் முடிப்பர்' என்பதும் 'இன்னும் எத்தனை நாளில் முடிப்பர்' என்பதும் வேறு வேறு கேள்விகள். அதற்கு மருந்து, கேள்வியின் கடைசி வரியை முதலில் படிப்பது.

தேர்வு அன்று தமிழை முடித்ததும் கணக்குக்கு வந்துவிட்டேன். மூளை களைப்பதற்குள் அதைப் போட்டுவிட வேண்டும் என்று முன்பே தீர்மானித்திருந்தேன். ஒன்றரை நிமிடத்தில் வழி பிடிபடாததை வட்டம் போட்டுவிட்டு நகர்ந்தேன், பொது அறிவு முடித்துத் திரும்பி வந்தபோது அவற்றில் சில வந்தன. விடைக்குறிப்பு வெளியானதும் சரிபார்த்தேன், 25-இல் 22 சரி. அன்று இரவு சாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "மீதி மூணு எதும்மா?" என்று கேட்டு, அந்த மூன்றையும் போனிலேயே போட வைத்தார்.

தேர்வுக்கு நாள் குறைவாக இருக்கிறது, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தைத் திறந்து பயிற்சிக் கணக்குகளை ஒன்றுவிடாமல் போடுங்கள். பின்னத்தில் தடுக்கினால் ஆறாம் வகுப்புக்கு இறங்கி, அதை முடித்துவிட்டு மேலே வாருங்கள். அதன் பிறகு அளவியல். ஷார்ட்கட் தாள் வைத்திருந்தால் கடைசி வாரத்தில் எடுத்துப் பாருங்கள், அப்போது அதில் உள்ள ஒவ்வொரு வாய்ப்பாடும் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும்.