அம்மா இருக்கும்போதே

யூலை 2, 2025
யாழ்ப்பாணம் செம்மணிப் புதைகுழியில் எடுத்த அந்த நீலநிறப் புத்தகப் பையின் படம் எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்துவிட்டது. அம்மாவுக்குக் காட்டவில்லை.

யூலை 9
அம்மாவுக்குச் சீனி கூடி மறுபடி வார்ட்டில். விடிய ஒரு குழாய், மத்தியானம் ஒரு குழாய் என்று இரத்தம் எடுக்கிறார்கள். அதில் கொஞ்சம் தம்பிக்காக எடுத்து வையுங்கள் என்று கேட்க வாய் உன்னியது. தாதிப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? தம்பி காணாமல்போன 1996இல் அவள் பிறந்தே இருக்க மாட்டாள்.

யூலை 18
நித்திரை இல்லை. எலும்பை எடுத்தால் போதுமா, யாருடையது என்று சொல்ல வேண்டாமா? என் இரத்தத்தைவிடப் பெற்றவர்களின் இரத்தம்தான் உறுதியாகச் சொல்லும். அப்பா போய்விட்டார். அம்மாவுக்கு 78. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் 2017இல் குந்திய தாய்மாரில் எத்தனை பேர் பிள்ளையின் படத்துக்குப் பக்கத்தில் தாங்களும் படமாகிவிட்டார்கள். மாணவி கிருஷாந்தியைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்ற சிப்பாயே செம்மணியில் முந்நூறு, நானூறு உடல்கள் என்று 1998இல் நீதிமன்றத்தில் சொன்னான். அடுத்த வருடம் தோண்டி 15 உடல்களோடு நிறுத்திவிட்டார்கள். அப்போது அம்மாவுக்கு 52, சைக்கிள் மிதிப்பார். அன்றைக்கே இரத்தம் எடுத்து வைத்திருக்கலாம். அப்பாவும் இருந்தார். இந்தமுறைகூட யாரும் தேடிப் போகவில்லையே. செம்மணியில் சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடைக்கு அத்திவாரம் வெட்டப்போய் எலும்பு வந்தது.

யூலை 21
வீட்டுக்கு வந்துவிட்டார். புட்டு கேட்டார்.

யூலை 30
எலும்புக்கூடுகளின் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது.

ஓகஸ்ட் 3
செவ்வாய்க்கிழமை, எடுத்த பொருட்களைச் சனத்துக்குக் காட்டுகிறார்களாம். அம்மா தானும் வருவேன் என்று நிற்கிறார். “கத்தரிப்பூச் சேர்ட். பொக்கற்றுக்கு நான் வெள்ளை நூலால தைச்சனான்.” பெரும்பாலான எலும்புக்கூடுகளில் துணியே இல்லை என்று சட்டத்தரணிகள் சொன்னதை அவரிடம் எப்படிச் சொல்வது? நான் தம்பியின் பாட்டாச் செருப்பைத்தான் தேடுவேன். வார் அறுந்து கம்பி போட்டிருந்தான்.

ஓகஸ்ட் 5
இல்லை. சேர்ட்டும் இல்லை, பாட்டாவும் இல்லை. அம்மா ஒரு சின்னச் சட்டைக்கு முன்னால் நின்றுவிட்டார். “இது ஆற்ற பிள்ளை?” பின்னால் வரிசை காத்து நின்றது, ஒருவரும் அவரை நகரச் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 6
இரத்தம் எப்போது எடுப்பீர்கள் என்று நேற்று அங்கே ஒருவரிடம் கேட்டேன். அறிவிப்பார்கள் என்றார். அம்மாவின் பெயர், வயது, என் தொலைபேசி எண் எழுதிக் கொடுத்தேன். வயதுக்குக் கீழே கோடு போட்டேன்.

ஓகஸ்ட் 11
ஒருவரும் அழைக்கவில்லை. சீனி மறுபடி ஏறியிருக்கிறது. நாளை கிளினிக், ஐந்தரைக்கே போனால்தான் நம்பர் கிடைக்கும்.