முதல் இருபதாயிரத்தை யார் தருவது?

காசிமேட்டில் மீன் வெட்டும் அக்காக்கள் தினமும் கொட்டும் கழிவை உரமாக்கலாம் என்று எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர் கிளம்பியிருக்கிறார்கள். கழிவும் நாட்டுச் சர்க்கரையும் சம எடை, காற்றுப் புகாத வாளி, நிழலில் மூன்று வாரம். திறந்தால் கவிச்சி போய்ப் பழ வாசனை வரும். அதுதான் மீன் அமிலம். மாடித் தோட்டக்காரர்கள் தண்ணீரில் கலந்து தெளிப்பார்கள்.

நிதி கேட்டு விண்ணப்பம் எழுத நானும் அவர்களோடு உட்கார்ந்தேன். சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் பணம் என்றால் பதிவுபெற்ற அமைப்பு வேண்டும், 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள் வேண்டும், 2021 முதல் அந்தப் பணத்தை வாங்குவதற்கென்றே சிஎஸ்ஆர்-1 பதிவு வேறு. சங்கமாகப் பதியவே 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு பேர் வேண்டும். யோசனை பலிக்குமா என்று பார்ப்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் அலைய வேண்டுமா?

ஈக்காட்டுத்தாங்கலில் உள்ள அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் ஆரம்பகட்ட யோசனைகளுக்கு வவுச்சர் திட்டத்தில் 2 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நல்ல விஷயம். ஆனால் இவர்களுக்கு அவ்வளவுகூட வேண்டாம். வாளிகள், சர்க்கரை, ஆய்வகப் பரிசோதனை ஒன்று, பஸ் செலவு, எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ரூபாய், அவ்வளவுதான்.

பட்ஜெட்டில் அந்த இருவரில் ஒரு தம்பி தன் சம்பளத்துக்குப் பூஜ்யம் போட்டிருந்தான். கேட்டரிங் வேலையை விட்டுவிட்டு வருகிறவன் அவன். அந்தப் பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒரு தொகை எழுத வைத்தேன். நிதி கொடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அந்த வரியை வெட்டாதீர்கள்.