டர்பனிலிருந்து: மனித ரத்தம் ஓடும் எலிகள்

1993-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 15 பேருக்கு ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி. மருந்தின் பெயர் ஃபியாலூரிடின். எலி, நாய், குரங்கு என்று எல்லாப் பரிசோதனையையும் தாண்டி வந்த மருந்து அது. மூன்று மாதம் ஆகும்போது ஒருவருக்குக் கல்லீரல் செயலிழந்தது. உடனே மருந்தை நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகும் ஒவ்வொருவராக விழுந்தார்கள். மொத்தம் 7 பேருக்குக் கல்லீரல் போனது. அவர்களில் 5 பேர் இறந்துபோனார்கள், 2 பேர் மாற்றுக் கல்லீரலால் பிழைத்தார்கள்.

காரணம் பின்னால்தான் தெரிந்தது. மனித செல்லில் இந்த மருந்தை, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே கொண்டுபோய் விடும் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. எலியின் மைட்டோகாண்ட்ரியாவில் அந்தப் புரதம் அமர்வதில்லை. எலிக்கு ஒன்றும் ஆகாத மருந்து மனிதக் கல்லீரலை அழித்தது அப்படித்தான்.

2014-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே மருந்தை வேறு வகை எலிக்குக் கொடுத்தார்கள். அந்த எலிகளின் கல்லீரலில் மனிதக் கல்லீரல் செல்களை வளர்த்திருந்தார்கள். 14 நாள் மருந்திலேயே அவற்றுக்குக் கல்லீரல் செயலிழந்தது. மனித செல் ஏற்றாத எலிகள் நன்றாகவே இருந்தன. இப்படி ஒரு எலி 1993-ல் இருந்திருந்தால் அந்த ஐந்து பேரும் வீடு திரும்பியிருப்பார்கள் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லித்தான் வேலையை ஆரம்பிக்கிறேன்.

நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்தேன். சாட்ஸ்வொர்த்தில் வீடு. வேலை ஒரு ஆய்வுக்கூடத்தின் எலிப் பிரிவில். எங்களிடம் இருப்பவை ஹியூமனைஸ்டு எலிகள், அதாவது உடலுக்குள் மனித செல்களை ஏற்றிய எலிகள்.

இந்த எலிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1983-ல் பிலடெல்பியாவில் மெல்வின் போஸ்மா குழுவினர் எதிர்ப்புச் சக்திக்கு ஆதாரமான டி செல்லும் பி செல்லும் பிறவியிலேயே இல்லாத எலிகளைக் கண்டார்கள். அதற்கு ஸ்கிட் எலி என்று பெயர். எதிர்ப்புச் சக்தி இல்லாததால் அதன் உடல் வெளி செல்லைத் தள்ளிவிடாது. 1988-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அதற்குள் மனித எதிர்ப்புச் செல்களை வாழ வைத்துக் காட்டின. ஆனாலும் அந்த எலியிடம் இயற்கைக் கொல்லி செல்கள் மிச்சமிருந்தன, அவை மனித செல்லை அரித்துக்கொண்டே இருந்தன. அந்தத் தடையும் 2002-ல் ஜப்பானில் வந்த என்ஓஜி, 2005-ல் அமெரிக்காவில் வந்த என்எஸ்ஜி வகைகளில் நீங்கியது. நாங்கள் வைத்திருப்பது என்எஸ்ஜி.

எலிக் குட்டிக்குக் கொஞ்சம் கதிர்வீச்சு கொடுத்து அதன் எலும்பு மஜ்ஜையில் இடம் உண்டாக்குவோம். அப்புறம் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து பிரித்த, ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்களை ஊசியில் ஏற்றுவோம். 12 வாரம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால், வெள்ளை அணுக்களில் குறைந்தது 25 சதவீதமாவது மனித அணுவாக இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அந்த எலி ஆய்வுக்கு ஆகாது.

எலி அறைக்குள் போவது தனிச் சடங்கு. குளித்து, அங்கேயே தரும் உடையை மாட்டி, தொப்பி, முகக்கவசம், இரண்டு ஜோடி கையுறை. வீட்டில் வெள்ளெலி வளர்ப்பவர்களுக்கு அனுமதியே இல்லை. கூண்டு, படுக்கைத் தூள், தீனி, தண்ணீர் எல்லாம் ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலனில் வெந்து வந்தவை. நம் தோலில் சும்மா கிடக்கும் பாக்டீரியா போதும், இந்த எலி செத்துப்போகும். ஒவ்வொரு கூண்டுக்கும் தனிக் காற்றுக் குழாய் உண்டு, அதற்கு மின்சாரம் நிற்கவே கூடாது. லோட்ஷெட்டிங் என்று இங்கே சொல்லும் மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-ல், ஜெனரேட்டர் சத்தம் கேட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சே வரும்.

கூண்டுக்குள் ஒரு சதுரப் பஞ்சு வைப்போம். நல்ல உடம்போடு இருக்கும் எலி அதைக் கடித்துப் பிய்த்துக் கிண்ணம் போலக் கூடு கட்டிவிடும். காலையில் நான் முதலில் பார்ப்பது எலியை அல்ல, அந்தப் பஞ்சைத்தான். பஞ்சு கட்டியாகக் கிடந்தால் அங்கே ஏதோ சரியில்லை. பிறகு முதுகு கூனியிருக்கிறதா, முடி சிலிர்த்து நிற்கிறதா, எடை எவ்வளவு என்று பார்ப்பேன். ஏற்றிய மனித செல்களே சில சமயம் எலியின் உடலை அந்நியமாக நினைத்துத் தாக்கத் தொடங்கும். எடை 20 சதவீதம் குறைந்தால் அதற்கு மேல் காத்திருக்க மாட்டோம், மயக்க மருந்து கொடுத்து வலியில்லாமல் முடித்துவிடுவோம். விதி அப்படி. விதி இல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்வேன்.

பக்கத்து வீட்டு ஆண்ட்டி ஒருநாள் கேட்டார்: “ஏம்மா, பிள்ளை பெத்தவகிட்ட கேக்காமலா அந்த ரத்தத்த எடுக்குறாங்க?”

“இல்ல ஆண்ட்டி. பிரசவத்துக்கு முன்னாலயே நர்ஸ் உட்கார்ந்து விளக்கிச் சொல்லுவாங்க. ஜூலுவிலயும் படிவம் இருக்கு. வேண்டாம்னு சொன்னா அதோட விட்டுருவாங்க.”

“அப்போ அந்தத் தாய் சம்மதிச்சுக் குடுத்தது. வீணாக்கிராதீங்க.”

எங்கள் வேலையில் எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான்: எந்த மக்களின் செல் எலிக்குள் இருக்கிறது, எந்தக் கிருமியை அதில் சோதிக்கிறோம் என்பது. உலகிலேயே அதிக எச்ஐவி நோயாளிகள் இருக்கும் நாடு தென்னாப்பிரிக்கா. இங்கே பரவுவது சி வகை வைரஸ், தமிழ்நாட்டிலும் பெரும்பாலும் அதுவேதான். ஆனால் எலி ஆய்வுகளில் நெடுங்காலம் புழங்கியது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் பி வகை. சாதாரண எலியைத் தொற்றவே முடியாத வைரஸ் இது, எலியின் சிடி4 புரதத்தில் அதற்குப் பிடி கிடைப்பதில்லை. மனித செல் இருந்தால்தான் சோதனையே சாத்தியம் என்கிறபோது, அது இங்குள்ள தாயின் செல்லாகவும் இங்குள்ள வைரஸாகவும் இருக்க வேண்டாமா? 2008-ல் அமெரிக்காவில் ஹியூமனைஸ்டு எலிகளுக்கு எச்ஐவி தடுப்பு மருந்தைக் கொடுத்துவிட்டு யோனி வழியாக வைரஸைச் செலுத்தினார்கள், தொற்று வரவில்லை. இந்த மாகாணத்துப் பெண்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் ஆபத்தை நேராகத் தொட்ட ஆய்வு என்பதால் அதன் மேல் எனக்குத் தனி மதிப்பு.

காசநோய் கதை இன்னும் கொடுமை. எங்கள் குவாசுலு-நடாலில் டுகேலா ஃபெரி என்ற ஊரில், 2005-06-ல் எந்த முக்கிய மருந்துக்கும் மசியாத காசநோய் 53 பேருக்கு இருப்பது தெரிந்தது. 52 பேர் இறந்தார்கள். எச்ஐவி சோதனை செய்யப்பட்ட 44 பேருக்கும் எச்ஐவி இருந்தது. இரண்டு நோயும் ஒரே உடம்பில் சேரும்போது நுரையீரலில் என்ன நடக்கிறது என்பதைச் சாதாரண ஆய்வு எலியில் பார்க்க முடியாது. அதற்கு எச்ஐவி தொற்றாது, அதன் நுரையீரலில் மனிதருக்கு வருவது போன்ற நடு அழுகிய கட்டிகளும் பெரும்பாலும் வருவதில்லை. ஹியூமனைஸ்டு எலியில் அப்படிப்பட்ட கட்டிகள் வருவதை 2013-ல் காட்டிவிட்டார்கள்.

இந்த எலியை நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவில்லை. இதன் நிணநீர்க் கணுக்கள் சரியாக உருவாவதில்லை. தடுப்பூசி போட்டால் தரமான ஆன்டிபாடி வருவது அபூர்வம். கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் போன்ற மனித செல்கள் குறைவாகத்தான் வளரும், காசநோய்க்கு முக்கியமே அவைதான். ஆகவே தடுப்பூசி பலிக்குமா என்ற கேள்விக்கு இந்த எலியைக் கொண்டு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். மருந்து வைரஸைத் தடுக்கிறதா, மனிதக் கல்லீரலைக் கெடுக்கிறதா என்பதற்குக் கொண்டு வாருங்கள்.

இரண்டு நோயையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுக்கு எங்கள் விண்ணப்பம் இப்போது நெறிமுறைக் குழுவிடம் இருக்கிறது. எலிகளின் எண்ணிக்கையை இன்னும் குறைக்க முடியாதா என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு தாயின் ரத்தத்திலிருந்து வந்த எலிகளையெல்லாம் ஒரே குழுவில் போடாமல், மருந்து பெறும் குழுவிலும் பெறாத குழுவிலும் பிரித்து வைத்தால், தாய்க்குத் தாய் இருக்கும் வேறுபாடு கணக்கிலிருந்து கழிந்துவிடும். குறைந்த எலியிலேயே விடை தெளிவாக வரும். அப்படித்தான் பதில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.