நட்டாலம் முதல் வடக்கன்குளம் வரை: புனித தேவசகாயத்தின் வழித்தடத்தில்

கன்னியாகுமரி மாவட்டத்தின் காற்றாடிமலைக்கு வருகிறவர்களில் பலர் மலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மெழுகுதிரி ஏற்றி, பாறையைத் தொட்டு வணங்கி, ஒரு செபமாலை சொல்லிவிட்டுக் கிளம்பினால் அரை நாளில் முடிந்துவிடும். கிறிஸ்தவரான பிறகு விசுவாசத்தை விட மறுத்த தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டது அங்கேதான், அதனால் அது போதும் என்றும் தோன்றும். ஆனால் அவருடைய பாடு அந்த ஓர் இரவில் தொடங்கவில்லை. 1749 பிப்ரவரியில் கைதானவர் 1752 ஜனவரி 14 அன்று இறந்தார். இடையில் ஏறக்குறைய மூன்று வருடம். அந்த மூன்று வருடம் கழிந்த இடங்களுக்கெல்லாம் போய் நிற்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை.

காரணம் உண்டு. நான் ஞானஸ்நானம் பெற்ற பிறகு எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அம்மா இறந்த செய்திகூட தகனம் முடிந்த பிறகுதான் வந்தது. “பொறுத்துக்கொள்ளுங்கள், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்” என்று ஆறுதல் சொல்லாத ஆளில்லை. பொறுத்துக்கொள்வது என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதா, மறந்துவிடுவதா, நமக்கும் அவர்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று ஒதுங்கிவிடுவதா? நான் கேட்டவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அதை வாழ்ந்து காட்டியவரின் வழியிலேயே போய்க் கேட்டுப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

நட்டாலத்தில் அதிக நேரம் இருக்கவில்லை. மார்த்தாண்டம் பக்கத்துப் பசுமையான ஊர். 1712 ஏப்ரல் 23 அன்று வசதியான நாயர் குடும்பத்தில் நீலகண்டன், பின்னாளில் தேவசகாயம் ஆனவர், பிறந்தது இங்கேதான். படித்தவர், திருவிதாங்கூர் அரண்மனையில் பணி, மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அதிகாரிகளிடம் செல்வாக்கு. பின்னால் அவர் எவ்வளவு இழந்தார் என்பது இந்த ஊரில் நின்றால்தான் உறைக்கிறது. இல்லாதவர் படும் துன்பம் வேறு. எல்லாம் இருந்தும், ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் அத்தனையும் திரும்பக் கிடைத்திருக்கும் என்ற நிலையில் இருந்தவர் பட்ட துன்பம் வேறு.

புலியூர்க்குறிச்சியில்தான் நான் வெகுநேரம் இருந்தேன். தக்கலையை அடுத்து நெடுஞ்சாலையோரம் உதயகிரிக் கோட்டை. உள்ளே மரங்கள் அடர்ந்த அமைதி. கூரையில்லாமல் சிதைந்து நிற்கும் பழைய சிற்றாலயத்தில் டி லனாய் தளபதியின் கல்லறை. 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படையின் அதிகாரி. பிறகு தன்னைத் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்து, தளபதியாகி, 1777இல் இந்த மண்ணிலேயே அடங்கினார். நீலகண்டனுக்குக் கிறிஸ்துவை முதலில் சொன்னவர் இவர்தான்.

அது எப்படிச் சொல்லப்பட்டது என்பதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அந்த நாளில் நீலகண்டனின் வீட்டில் கால்நடைகள் சாகின்றன, பயிர் பொய்க்கிறது, அடிமேல் அடி. வாடிய முகத்தைப் பார்த்து விசாரித்த டி லனாய் எடுத்துச் சொன்னது யோபுவின் கதை. மாடுகள், ஆடுகள், ஒட்டகங்கள், கடைசியில் பிள்ளைகள் என எல்லாம் போன பிறகும் “ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார்” என்றவரின் கதை. நாம் பெரும்பாலும் இந்த வரியோடு யோபுவை நிறுத்திவிடுகிறோம். அடுத்த பக்கங்களில் அவர் தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். ‘நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்’ என்று சொல்லும் நண்பர்களோடு மல்லுக்கு நிற்கிறார். கடவுளிடமே நியாயம் கேட்கிறார். 42 அதிகாரங்களில் பெரும்பகுதி அந்த வழக்குதான். அவ்வளவு பேசியவரைத்தான் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகத் திருச்சபை வைத்திருக்கிறது. கல்லறை அருகே உட்கார்ந்து யோபுவின் மூன்றாம் அதிகாரத்தை மெல்ல வாய்விட்டு வாசித்தேன். அம்மா போன நாளிலிருந்து அடைத்துக் கிடந்தது கொஞ்சம் இளகியது.

கோட்டைக்கு அருகிலேயே முட்டிடிச்சான் பாறை. கைதான பிறகு தேவசகாயத்தை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனார்கள். எருமையின் மேல் பின்புறம் பார்க்க உட்கார வைத்து, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு, கைகளைக் கட்டி, வழியெல்லாம் அடி. புண்ணில் மிளகாய்ப் பொடி, பிறகு வெயில். அந்த எருக்கம்பூ மாலையை நினைத்தால் மனம் பதறுகிறது. வலிக்க வைப்பதற்கு அடி போதுமே. மாலையும் எருமையும் எதற்கு? இவன் நம்மைச் சேர்ந்தவன் இல்லை, இவனைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று பார்க்கிறவர்களுக்குச் சொல்வதற்கு. முள்முடி சூட்டி, செந்நிற ஆடை உடுத்தி, ‘அரசே வாழ்க’ என்று இயேசுவைக் கேலி செய்த வீரர்களும் அதையே செய்தார்கள். “அவர் இகழப்பட்டார், மனிதரால் புறக்கணிக்கப்பட்டார்” என்ற எசாயாவின் வரியை ஒவ்வொரு பெரிய வெள்ளியும் கேட்டிருந்தாலும் இங்கே நின்று சொல்லும்போது குரல் வரவில்லை.

தாகத்தில் அவர் தவித்தபோது நல்ல தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இறைவனை வேண்டிக் கைமுட்டியால் பாறையில் இடித்தார், அங்கே நீர் சுரந்தது என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. சிறிய குழிதான். எட்டிப் பார்த்தால் பாறைக்குள் தண்ணீர் தெரியும். நான் போனபோது வயதான அம்மா ஒருவர் அருகில் உட்கார்ந்து செபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எங்கேர்ந்து வாற மக்கா? தனியாவா வந்த?”

“ஆமா பாட்டி. வீட்டுல யாரும் வரமாட்டாங்க.”

என் முகத்தில் என்ன கண்டாரோ, மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. “வராட்டி என்ன மக்கா. அவிய பேரச் சொல்லிக் குடி. அவியளுக்கும் சேரட்டும்” என்றார்.

உள்ளங்கையில் தண்ணீரை ஏந்திக்கொண்டேன். அம்மா பெயர் உடனே வந்தது. அண்ணன் பெயர் வரவில்லை. தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகி மணிக்கட்டு வழியே சட்டைக்கையை நனைத்தது. பாட்டி அவசரப்படுத்தவில்லை, மணிகளை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னேன். மிச்சமிருந்தது ஒரு வாய்த் தண்ணீர். குடித்தேன்.

அதன் பிறகு பெருவிளை. இங்கே ஒரு வேப்பமரத்தில் அவரைச் சங்கிலியால் பிணைத்து மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். வெயில், மழை, பனி எல்லாம் அந்த மரத்தடியில்தான். அவரைப் பார்க்க வரும் மக்கள் கூட்டமும் இங்கே பெருகியது. ஆறுதல் தேடியும், நோய்க்குச் செபிக்கச் சொல்லியும், வெறுமனே பார்த்துவிட்டுப் போகவும் வந்தார்கள். அவரைக் காவலில் வைத்திருந்த, மரண தண்டனை நிறைவேற்றும் சேவகனுக்கு நெடுநாள் பிள்ளையில்லை, அவனுக்காகவும் தேவசகாயம் வேண்டினார், பிள்ளை பிறந்தது என்பது இந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி.

என் கேள்விக்கான பதில் பாதி இங்கே கிடைத்தது. அவர் வாயை மூடிக்கொண்டும் இல்லை, ஒதுங்கியும் போகவில்லை. விசுவாசத்தை விட்டுவிடு என்றவர்களிடம் மாட்டேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறார். அதே வாயால் காவல்காரனின் வீட்டுக் கவலையையும் விசாரித்திருக்கிறார். வெறுப்பவர் வந்தாலும் நேசிப்பவர் வந்தாலும் அந்த மரத்தடியில் அதே மனிதர்தான் இருந்தார். மூன்று வருடம் ஒரு மனிதரை அடித்தும் அவமானப்படுத்தியும், அவரைத் தங்களைப் போன்ற ஒருவராக மாற்ற அவர்களால் முடியவில்லை. பொறுமை என்ற பெயரில் நாம் பிரசங்கத்தில் கேட்கும் அடங்கிப்போதல் இதில் எங்கே இருக்கிறது என்று நானும் தேடினேன், தென்படவில்லை.

காற்றாடிமலைக்குப் போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, சுற்றிலும் காற்றாலைகள் ஓயாமல் சுழல்கின்றன. நின்று செபித்தால் சொல்லும் சொல்லைக் காற்று பிடுங்கிக்கொண்டு போகிறது. அடிவாரத்தில் வியாகுல அன்னை ஆலயம். நடக்க முடியாத நிலையில் இருந்தவரை இரவில் வீரர்கள் தூக்கிக்கொண்டு வந்ததாகவும், செபிக்கக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கி, முழந்தாளில் நின்று செபித்த பிறகு சுட்டதாகவும் சொல்வார்கள். மேலே மணியடிச்சான் பாறை. கல்லால் தட்டினால் மணி ஒலி எழும்புகிறது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சிறுமி திரும்பத் திரும்பத் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மறைசாட்சியின் திருநாள் ஜனவரி 14, பொங்கலை ஒட்டி வரும். அப்போது இங்கே கால் வைக்க இடமிருக்காது. நிதானமாகச் செபிக்க விரும்புகிறவர்கள் வேறு நாளில் வருவது நல்லது.

காட்டில் வீசப்பட்ட உடலிலிருந்து எஞ்சியதை எடுத்து வந்து கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த ஆலயம் இன்று பேராலயம். நாகர்கோவிலில் 2012 டிசம்பர் 2 அன்று புனிதர் நிலைக்கு முந்தைய அருளாளர் பட்டம், 2022 மே 15 அன்று வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் கொடுத்த புனிதர் பட்டம். புனிதர் பட்டத்துக்கு முன்பாகப் பெயரிலிருந்து ‘பிள்ளை’ என்ற சாதிப் பட்டம் நீக்கப்பட்டது. எல்லாச் சாதியாரோடும் ஒன்றாக உட்கார்ந்து உண்டவருக்கு அதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

கோட்டாற்றோடு முடித்துக்கொள்ள மனம் வரவில்லை, வடக்கன்குளம் போனேன். திருவிதாங்கூரில் இருந்தவர் ராஜ்யத்தின் எல்லை தாண்டி வந்து, 1745 மே 14 அன்று இயேசு சபைத் துறவி ஜோவான்னி பத்திஸ்தா புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்ற ஊர். இன்று நெல்லை மாவட்டம். இந்த ஊருக்கு மறைக்கக் கூடாத இன்னொரு வரலாறும் உண்டு. 1872இல் எழுந்த கோயிலை மக்கள் ‘கால்சட்டைக் கோயில்’ என்றார்கள். பீடத்திலிருந்து இரண்டாகப் பிரியும் கட்டடம், சாதிவாரியாக இருபுறமும் மக்கள், நடுவில் சுவர். சாதி பாராமல் பழகியவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஊரிலேயே அந்தச் சுவர் பல பத்தாண்டுகள் நின்றது. 1910இல் கௌசானல் அடிகள் அதை இடித்துப் போட்டார். எதிர்ப்பு வந்தது, நீதிமன்றம் வரை போனது. சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளப்பட்டு, அப்படியும் கோயிலுக்கு வருவதை விடாதவர்களும் இந்த மண்ணின் பொறுமைசாலிகள்தான். அவர்களுக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை. ‘பொறுங்கள்’ என்று அவர்களிடம் மட்டும் சொல்லி அந்தச் சுவரை விட்டுவைத்திருந்தால் அது பாவம். இடித்ததுதான் சுவிசேஷம்.

இங்கே ஞானப்பூ அம்மாளின் கல்லறை இருக்கிறது. தேவசகாயத்தின் மனைவி. பார்கவியாகப் பிறந்து, கணவரைத் தொடர்ந்து ஞானஸ்நானம் பெற்றவர். கணவர் இறந்த பிறகு சொந்த ஊரும் உற்றாரும் இல்லாமல் வடக்கன்குளத்துக்கு வந்து, இன்னும் 14 ஆண்டுகள் வாழ்ந்து, 1766இல் இறந்தார். அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எருமை ஊர்வலமோ துப்பாக்கிச் சூடோ அவர் கதையில் இல்லை. தினமும் எழுந்து, தண்ணீர் எடுத்து, சமைத்து, செபித்து, பிறந்த வீட்டிலிருந்து யாரும் வராத வாசலில் 14 வருடம். என்னைப் போன்றவர்கள் படுவது பெரும்பாலும் இந்த வகைதான். அதனால் யாத்திரையில் நான் அதிகம் மனம்விட்டுப் பேசியது இவரிடம்.

அன்று மாலையே அண்ணனுக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். மதம் பற்றி ஒரு வரியும் இல்லை, பழைய கணக்கும் இல்லை. அம்மாவின் திவசம் வருகிறது, வாசல்வரை வந்து நின்று கும்பிட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டிருக்கிறேன். பதில் வராவிட்டால் அடுத்த வருடமும் கேட்பேன்.