பட்டினி கிடந்தால் எடை குறையுமா?

16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு. இதில் மாயம் எதுவும் இல்லை. 2022-இல் வெளியான சீன ஆய்வில் உடல் பருமன் உள்ள 139 பேர் ஓராண்டு கலோரியைக் குறைத்துச் சாப்பிட்டார்கள். அவர்களில் ஒரு பாதியினர் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் மட்டுமே சாப்பிட்டார்கள். அவர்களுக்குச் சராசரியாக 8 கிலோ குறைந்தது, மற்றவர்களுக்கு 6.3 கிலோ. புள்ளியியல்படி இது வித்தியாசமே அல்ல. எடையைக் குறைத்தது கலோரிக் கணக்கு, கடிகாரம் அல்ல.

ஆனால் 2018-இல் வந்த ஒரு சிறிய ஆய்வை ஒதுக்க முடியாது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 8 ஆண்கள், பிற்பகல் 3 மணிக்குள் கடைசி உணவை முடித்தார்கள். ஐந்தே வாரத்தில், எடை குறையாமலேயே, இன்சுலின் நன்றாக வேலை செய்தது; ரத்த அழுத்தமும் இறங்கியது. எட்டே பேர்தான், ஆண்கள் மட்டும். நம்பிக்கை தருகிறது, முடிவு சொல்லப் போதாது.

‘ஆட்டோஃபேஜி’ (செல் தன் பழுதான பாகங்களைத் தானே சிதைத்து மறுபடி பயன்படுத்துவது) என்று சொல்லிப் பட்டினியை விற்பவர்களிடம் கவனம். 2016 நோபல் பரிசு பெற்ற ஜப்பானிய விஞ்ஞானி ஓசுமி அதன் மரபணுக்களைக் கண்டுபிடித்தது ஈஸ்ட்டில். மனிதருக்கு எத்தனை மணி நேரத்தில் அது முடுக்கிவிடப்படும் என்று யாரும் உறுதியாக அளந்து சொல்லவில்லை.

முதல் சில நாட்களில் குறையும் எடையில் பெரும்பங்கு நீர். கல்லீரலில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன், அதாவது உடல் சேமித்துவைக்கும் சர்க்கரை, சுமார் 100 கிராம். அது கரையும்போது தன்னுடன் பிடித்துவைத்த நீரையும் விட்டுவிடும். புரதமும் உடற்பயிற்சியும் குறைந்தால் தசையும் போகும்.

இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவர்கள் அளவை மாற்றாமல் பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கலாம். முதலில் மருத்துவரிடம் மருந்தளவைப் பேசிவிடுங்கள்.